டர்ட்டில்பாட்3 பர்கர்: மதுரைக் கல்லூரி லேபுக்குத் தேறுமா?

தானாக வழி கண்டுபிடித்து ஓடும் ரோபோவைப் பாடமாக நடத்துகிறவர்களுக்கு டர்ட்டில்பாட்3 பர்கர் என்ற இந்தச் சின்ன ரோபோ வண்டி தேறும். ரோபோவை ஒரு வேலைக்கு வைக்க நினைப்பவர்களுக்குத் தேறாது. பர்கரின் பெரிய பலம், உள்ளே நடப்பது அத்தனையும் வெளியே தெரிவதுதான். லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடார் எதைப் பார்த்தது, தான் நிற்கும் இடம் என்று வண்டி எதை நம்புகிறது, எந்தப் பாதையைத் தேர்ந்தது, ஏன் நடுவழியில் நின்றது எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஆர்விஸ் மென்பொருள் வரைந்து காட்டிவிடும். கடையில் வாங்கும் தரை துடைக்கும் ரோபோவும் ஏறக்குறைய இதே கணக்கைத்தான் போடுகிறது. ஆனால் அது வாய் திறக்காது.

திருப்பரங்குன்றம், அழகர்கோவில் சாலை, விரகனூர் என்று ஊரைச் சுற்றியிருக்கும் கல்லூரிகளில் ரோபாட்டிக்ஸ் லேபுக்கு வண்டி தேடுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. வழுவழு டைல்ஸ், இரும்பு பீரோ, கிரில் கேட், கல்லூரி வைஃபை, சித்திரை மாத வெயில் ஆகியவற்றுக்கு நடுவே இது எப்படி ஓடும் என்பதுதான் கேள்வி. கம்பெனி விளம்பரப் படத்தில் இவை எதுவும் இருக்காது.

பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டர்ட்டில்பாட் வரிசை 2010-ல் அமெரிக்காவின் வில்லோ கராஜில் தொடங்கியது. ஐரோபாட் கிரியேட் என்ற அடித்தளத்தின் மேல் ஆழம் அளக்கும் கேமராவும் லேப்டாப்பும் ஏற்றியது முதல் பதிப்பு. 2012-ல் கொபுகி அடித்தளத்தோடு இரண்டாவது வந்தது. 2017-ல் தென்கொரியாவின் ரோபாட்டிஸ் செய்து வெளியிட்டது மூன்றாவது. அதில் சின்னது பர்கர், பெரியது வாஃபிள்.

பர்கர் 138 மில்லிமீட்டர் நீளம், 178 அகலம், 192 உயரம். எடை ஏறக்குறைய ஒரு கிலோ. நான்கு அடுக்கு: கீழே பேட்டரியும் இரண்டு டைனமிக்சல் மோட்டாரும், அதற்கு மேல் மோட்டாரை ஆளும் ஓப்பன்சிஆர் போர்டு, அதற்கு மேல் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி, உச்சியில் சுழலும் லைடார். அதிகபட்ச வேகம் நொடிக்கு 22 சென்டிமீட்டர்தான். 10 மீட்டர் போக முக்கால் நிமிடம் ஆகும். மெதுவாக இருக்கிறதே என்று முதலில் சலிப்பு வரும். முதல் பருவ மாணவர்கள் கையில் இருக்கும்போது அந்த மெதுவே காப்பாற்றும்.

பிரித்துப் போட்ட கிட்டாகத்தான் வரும். கோர்ப்பது கஷ்டமில்லை, இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். பிளாஸ்டிக் தட்டில் இறங்கும் திருகுகளை வன்மையாக முறுக்கினால் புரி போய்விடும். மோட்டார்களில் ஐடி 1 உள்ளது இடப்பக்கம், 2 உள்ளது வலப்பக்கம் வர வேண்டும். மாற்றிப் பூட்டிவிட்டால் ஓட்டம் தாறுமாறாகி, சாப்ட்வேரில் பிழை தேடி ஒரு லேப் வகுப்பே போய்விடும்.

இனி கண் எப்படி என்று பார்ப்போம். உச்சியில் சுழலும் லைடார் நொடிக்கு ஏறக்குறைய ஐந்து சுற்று சுற்றி, ஒரு டிகிரிக்கு ஒரு அளவு வீதம் தூரத்தைச் சொல்கிறது. பழைய வண்டிகளில் எல்டிஎஸ்-01 இருக்கும். அதன் எட்டும் தூரம் 12 சென்டிமீட்டரிலிருந்து 3.5 மீட்டர் வரை. 2022-ல் எல்டிஎஸ்-02 வந்தது, அது 16 சென்டிமீட்டரிலிருந்து 8 மீட்டர் வரை பார்க்கும். பழைய இருப்பையோ கைமாறிய வண்டியையோ வாங்குகிறவர்கள் இதை மட்டுமாவது கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஓட்டும் மென்பொருள் வேறு, எந்த மாடல் என்று அமைப்பில் சொல்லாவிட்டால் லைடார் சுற்றிக்கொண்டே இருக்கும், தரவு மட்டும் வராது.

3.5-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசம் லேபுக்குள் தெரியாது. வராந்தாவில் தெரியும். நம் கல்லூரிக் கட்டடங்களில் இரண்டு பக்கமும் வெறும் சுவராக நீளும் வராந்தாக்கள் உண்டு. அதன் நடுவில் நிற்கும் எல்டிஎஸ்-01-க்கு முன்னேயும் பின்னேயும் ஒன்றும் எட்டாது. பக்கவாட்டில் இரண்டு இணைகோடுகள் மட்டும் தெரியும். வண்டி ஒரு மீட்டர் முன்னே போன பிறகும் அதே இரண்டு இணைகோடுகள். முந்தைய ஸ்கேனையும் புதிய ஸ்கேனையும் பொருத்திப் பார்க்கும் மென்பொருளுக்கு நகர்ந்ததற்குச் சாட்சியே கிடைப்பதில்லை. விளைவு, மேப்பில் வராந்தா சுருங்கிப் போகும். கோணமும் கொஞ்சம் வளைந்து வாழைப்பழம் போல வரும். வராந்தாவில் மேப் எடுக்கும்போது வகுப்பறைக் கதவுகளில் சிலவற்றைத் திறந்து வையுங்கள். சுவரோரம் அட்டைப்பெட்டிகளைச் சீரற்ற இடைவெளியில் வையுங்கள், சம இடைவெளியில் வைத்தால் ஒரு பெட்டியை இன்னொன்று என்று நம்பிவிடும். போன வழியே திரும்பி வந்து தொடங்கிய இடத்தில் முடியுங்கள். அப்போதுதான் மென்பொருள் வளையத்தை மூடிச் சேர்ந்த பிழையைப் பங்கிட்டுச் சரிசெய்யும்.

மேப் எடுக்க டர்ட்டில்பாட்3 தொகுப்பில் இருப்பது கூகுள் 2016-ல் வெளியிட்ட கார்ட்டோகிராஃபர் என்ற மென்பொருள். விசைப்பலகையால் வண்டியை ஓட்டிக்கொண்டு போனால் திரையில் அறை வரைந்துகொண்டே வரும். வெள்ளை காலியிடம், கறுப்பு தடை, சாம்பல் இன்னும் பார்க்காத இடம். நேராக ஓட்டும்போது நொடிக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் போதும். திருப்பத்தில் இன்னும் மெதுவாக. ஒரு சுற்றுக்கு லைடாருக்கு ஐந்தில் ஒரு பங்கு நொடி ஆகிறது. அதற்குள் வண்டி வேகமாகத் திரும்பினால் ஒரே ஸ்கேனின் தலையும் வாலும் வேறு வேறு கோணத்திலிருந்து எடுத்ததாகிவிடும். மேப்பில் சுவர் இரட்டைக் கோடாகத் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது திருப்ப வேகத்தைத்தான். வரைந்து முடித்ததும் சேமிக்க மறக்கக் கூடாது. நிரலை நிறுத்தினால் சேமிக்காத மேப் போனது போனதுதான்.

லைடாரின் ஒளிக்கதிர் தரையிலிருந்து ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரே தளமாகச் சுற்றுகிறது. இந்த ஒரு எண் மனதில் இருந்தால் பர்கரின் பாதி விபத்துகளை முன்கூட்டியே சொல்லிவிடலாம். தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சுருட்டி வைத்த ஒயர், கழற்றிப் போட்ட செருப்பு எல்லாம் கதிருக்குக் கீழே. மேசைப் பலகை, ஸ்டூலின் இருக்கை எல்லாம் மேலே. நாற்காலி என்று நாம் பார்ப்பது அதற்கு நான்கு சின்னப் புள்ளிகள். 192 மில்லிமீட்டர் உயரமுள்ள வண்டி, 18 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே குறுக்குச் சட்டம் உள்ள மேசைக்கடியில் தைரியமாக நுழைந்து லைடாரையே இடித்துக்கொள்ளும். உச்சியில் இருப்பதால் முதல் அடி விழுவது விலை உயர்ந்த பாகத்துக்கு.

நான்கு புள்ளிகளும் எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு டிகிரி இடைவெளி என்றால் 1 மீட்டர் தூரத்தில் அடுத்தடுத்த கதிர்களுக்கு நடுவே 1.7 சென்டிமீட்டர், 3 மீட்டர் தூரத்தில் 5.2 சென்டிமீட்டர். மாடிப்படிக்கு முன்னால் இருக்கும் கிரில் கேட்டின் 12 மில்லிமீட்டர் கம்பி 3 மீட்டர் தூரத்தில் சில சுற்றுகளில் தெரியும், சில சுற்றுகளில் தெரியாது. தெரியாத சுற்றில் கதிர் கம்பிக்கு அப்பால் போய்த் திரும்புவதால், முன்பு குறித்த தடையை மென்பொருள் அழித்தும் விடும். கிரில் கேட்டைச் சுவர் என்று வண்டி நம்ப வேண்டுமானால் கீழ்ப் பகுதியில் ஒரு அட்டையைக் கட்டிவிடுவதே சுலபமான வழி.

கண்ணாடித் தடுப்பு இன்னும் மோசம். நேர்குத்தாக விழும் கதிர் திரும்பி வரும், சாய்வாக விழுவது ஊடுருவிப் போகும். அதனால் மேப்பில் கண்ணாடிச் சுவருக்கு நடுவே ஒரு துண்டு மட்டும் கறுப்பாக இருக்கும், இரண்டு பக்கமும் வழி இருப்பதாகத் தோன்றும். பளபளக்கும் ஸ்டீல் பீரோவும் நிலைக்கண்ணாடியும் சுவருக்குப் பின்னால் இல்லாத அறையையே வரைந்து காட்டும். 15 முதல் 25 சென்டிமீட்டர் உயரத்துக்குள் வரும்படி ஒரு பட்டை காகித டேப் ஒட்டிவிட்டால் இரண்டு தொல்லையும் தீரும். வெயில் இன்னொரு எதிரி. எல்டிஎஸ்-01 தாங்குவது 10,000 லக்ஸ் வெளிச்சம் வரை. நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸை ஒட்டி வரும். மேற்கு பார்த்த ஜன்னல் வழியாக மாலை வெயில் தரையில் விழும் லேபில் அந்தக் கட்டத்துக்குள் போனதும் அளவுகளில் ஓட்டை விழும். ஒரு திரைச்சீலை போதும். திறந்தவெளியில் பர்கரை ஓட்டும் யோசனையே வேண்டாம்.

சக்கரக் கணக்குக்கு வருவோம். சக்கர ஆரம் 33 மில்லிமீட்டர், இரண்டு சக்கரங்களுக்கு நடுவே 160 மில்லிமீட்டர். மோட்டாரின் என்கோடர் ஒரு சுற்றை 4096 பங்காக எண்ணுகிறது. சுற்றளவு 207 மில்லிமீட்டர் என்பதால் ஒரு எண்ணிக்கைக்கு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு நகர்வு. காகிதத்தில் அபாரமான துல்லியம். தரையில் அது நிற்காது. எண்ணிக்கை சொல்வது சக்கரம் சுற்றியதை. வண்டி நகர்ந்ததை அது சொல்வதில்லை. மெல்லிய தூசி படிந்த விட்ரிஃபைடு டைல்ஸில் ரப்பர் வழுக்கும். நம் பக்கத்துக் காற்றில் தூசிக்குப் பஞ்சமில்லை. ஆகவே ஓட்டுவதற்கு முன் தரையைத் துடைப்பதும் டயரை ஈரத்துணியால் துடைப்பதும் ஆய்வின் பகுதி. பின்னால் இருக்கும் உருண்டைச் சக்கரத்தில் தலைமுடியும் நூலும் சுற்றிக்கொண்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அதையும் பாருங்கள்.

அளவு சரியா என்று பார்க்க இரண்டு சோதனை போதும். தரையில் 3 மீட்டருக்கு டேப் ஒட்டி நேராக ஓட்டுங்கள். ஆரத்தில் 0.3 மில்லிமீட்டர் தேய்மானம் இருந்தால் 3 மீட்டருக்கு 2.7 சென்டிமீட்டர் பிழை வரும். அடுத்தது, நின்ற இடத்திலேயே பத்துச் சுற்று. சக்கர இடைவெளியில் 1 மில்லிமீட்டர் தவறாக இருந்தால் பத்துச் சுற்றுக்கு 22 டிகிரிக்கு மேல் விலகும். நேர்கோட்டுப் பிழையைவிடத் திருப்பப் பிழைதான் கொல்லும்: 5 டிகிரி கோணம் தவறிய வண்டி 3 மீட்டர் போவதற்குள் 26 சென்டிமீட்டர் பக்கவாட்டில் இருக்கும். அதனால்தான் கோணத்துக்கு ஓப்பன்சிஆர் போர்டில் உள்ள, திருப்பத்தை உணரும் ஐஎம்யு உணரியையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அதை அணைத்துவிட்டு ஒரு முறை, போட்டுவிட்டு ஒரு முறை அதே சதுரத்தை ஓட்டிக் காட்டினால், சென்சார் இணைப்பு என்ற பாடத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. சதுரத்தை இடஞ்சுழி, வலஞ்சுழி இரண்டிலும் ஓட்ட வேண்டும். ஒரே பக்கம் ஓட்டினால் இரண்டு வகைப் பிழைகள் ஒன்றையொன்று மறைத்து, வண்டி நல்ல பிள்ளையாகத் தெரியும்.

மேப் கையில் இருக்கும்போது வண்டி நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது ஏஎம்சிஎல் என்ற நிரல். நூற்றுக்கணக்கான யூகப் புள்ளிகளை மேப்பில் தூவி, லைடார் காண்பதோடு ஒத்துப்போகாதவற்றைக் கழித்துக்கொண்டே வரும். தொடக்கத்தில் வண்டி நிற்கும் இடத்தையும் பார்க்கும் திசையையும் ஆர்விஸில் நாம்தான் காட்ட வேண்டும். திசையைத் தலைகீழாகக் காட்டிவிட்டால், நீள்சதுர லேபில் வண்டி அதையே உறுதியாக நம்பி எதிர்ச் சுவரை நோக்கிப் போகும். காட்டிய பிறகு உடனே இலக்கு கொடுக்காமல், நின்ற இடத்தில் ஒரு முறை சுற்றவிட்டு யூகப் புள்ளிகள் குவிகின்றனவா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

பாதைத் திட்டமிடல்தான் எல்லோரும் ஆவலோடு கேட்பது. உள்ளதில் குறைவாகத் தொல்லை தருவதும் அதுதான். குறுகிய வழி தேட டைக்ஸ்ட்ரா 1959-ல் வெளியிட்ட முறையும், ஹார்ட், நில்சன், ராஃபேல் மூவரும் ஷேக்கி ரோபோ ஆய்வின்போது 1968-ல் வெளியிட்ட ஏ-ஸ்டார் முறையும், வண்டியை வழிநடத்தும் நேவ்2 மென்பொருளில் ஒரு சொடுக்கில் மாற்றக்கூடியவை. டைக்ஸ்ட்ரா, கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று வளையம் வளையமாக விரிவதைப் போல, தொடங்கிய புள்ளியிலிருந்து எல்லாத் திசையிலும் விரிந்து தேடும். ஏ-ஸ்டார் இலக்கு இருக்கும் பக்கத்தை முன்னுரிமை கொடுத்துத் தேடும். பாடத்தில் பெரிய வித்தியாசம். ஆனால் 10 மீட்டருக்கு 8 மீட்டர் லேபை 5 சென்டிமீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் 200 பெருக்கல் 160, அதாவது 32,000 கட்டங்கள். இன்றைய லேப்டாப்புக்கு இரண்டுமே கண் இமைக்கும் நேரம். இரண்டையும் ஒப்பிடுவதை லேப் பயிற்சியாக வைக்கிறவர்கள் கட்டடம் முழுதுக்கும் மேப் எடுக்க வேண்டும். 60 மீட்டருக்கு 40 மீட்டர் என்றால் 9,60,000 கட்டங்கள் வரும், அப்போது நேரக் கணக்கில் ஏதாவது தெரியும். சிறிய அறையில் ஒப்பிட்டு அட்டவணை போட்டால் இரண்டு முறைகளின் நேரமும் ஒன்றுபோலவே வரும், மாணவர் ரெக்கார்ட் நோட்டில் எழுத ஒன்றும் இருக்காது.

உண்மையில் வண்டியின் நடத்தையைத் தீர்மானிப்பது தடையைச் சுற்றிப் பூசும் விலை மெத்தை. தடையை நெருங்க நெருங்கக் கட்டங்களுக்குக் கூடுதலாகப் போடும் எண்தான் விலை, விலை குறைந்த கட்டங்கள் வழியாகவே பாதை போகப் பார்க்கும். தடை இருக்கும் கட்டத்துக்கு 254, வண்டியின் ஆரத்துக்குள் வரும் கட்டத்துக்கு 253. அதற்கு அப்பால் தூரம் கூடக்கூட 252-லிருந்து அடுக்கு முறையில் விலை இறங்கும். இறங்கும் வேகத்தை ஒரு எண் ஆளுகிறது. அது 3 என்றால், ஆரத்துக்கு வெளியே 20 சென்டிமீட்டர் தள்ளியும் விலை 138 இருக்கும். 10 என்றால் அதே இடத்தில் 34-தான். பெரிய எண் வைத்தால் சுவரை உரசும் பாதை வரும், மூலையை வெட்டிப் போக முயன்று மாட்டிக்கொள்ளும். சிறிய எண்ணும் அகலமான மெத்தையும் வைத்தால் கதவின் நட்டநடுவே போகும். மெத்தை அகலமானால் வாசல் அடைபட்டுவிடும் என்று பலர் அதைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். அது தப்பு. வழியை அடைப்பது 253-ம் 254-ம் மட்டுமே. 10 சென்டிமீட்டர் ஆரம் கொடுத்த பர்கருக்கு 75 சென்டிமீட்டர் பாத்ரூம் கதவில்கூட நடுவில் 55 சென்டிமீட்டர் மிஞ்சும். மெத்தை எவ்வளவு தடித்தாலும் நடுக்கோடு மலிவாகவே இருக்கும். பர்கரால் வாசலில் முடியாதது வேறு: அது ஏறக்கூடிய மேடு 10 மில்லிமீட்டர் வரைதான். பழைய கட்டட நிலைப்படி எதையும் அது தாண்டாது.

பெரிய பாதையைப் பின்பற்றி நொடிக்கு நொடி வேகத்தை முடிவு செய்வது தனிப் பகுதி. ஃபாக்ஸ், பர்கார்ட், த்ரன் 1997-ல் சொன்ன டைனமிக் விண்டோ முறையின் வழி வந்த டிடபிள்யூபி என்ற நிரல் இதில் பயன்படுகிறது. சாத்தியமான வேகங்கள் பலவற்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் 1.7 நொடி ஓடினால் எங்கே போவோம் என்று பார்த்து மதிப்பெண் போடும். நொடிக்கு 0.22 மீட்டர் வேகத்தில் 1.7 நொடிக்கு 37 சென்டிமீட்டர். அவ்வளவுதான் அதன் தொலைநோக்கு. இதை அதிகப்படுத்தினால் பாதை மென்மையாகும், ஆனால் குறுகிய இடத்தில் எல்லா வளைவுகளும் எதிலாவது இடிப்பதாகத் தோன்றி வண்டி அசையாமல் நிற்கும்.

நின்றால் மீட்பு நடவடிக்கை தொடங்கும்: விலை மேப்பைத் துடைப்பது, ஒரு சுற்று சுற்றுவது, கொஞ்சம் பின்வாங்குவது, காத்திருப்பது. காரணம் சரியாகாவிட்டால் பழைய குருடி கதவைத் திறடி. அடிக்கடி காரணம் ஆவித் தடை. யாரோ குறுக்கே நடந்து போனார், அவர் இருந்த இடம் கறுப்பாகவே நிற்கிறது. அகலமான ஹாலில் அந்தத் திசையில் லைடாருக்கு எட்டும் சுவர் எதுவும் இல்லை. திரும்பி வராத கதிரை மென்பொருள் காலியிடம் என்று எடுத்துக்கொள்வதில்லை, அதனால் அழிக்காது. தடை அடுக்கின் அமைப்பில் முடிவிலி அளவையும் செல்லுபடியாக்கும் ஒரு தேர்வு உண்டு. அதை இயக்கினால் ஆவி போய்விடும்.

பெரிய குறை ஒன்று. பர்கரில் பள்ளம் பார்க்கும் சென்சாரும் இல்லை, இடித்தால் உணரும் பம்பரும் இல்லை. முந்தைய பதிப்பின் கொபுகியில் இரண்டும் இருந்தன. மாடி வராந்தாவில் படிக்கட்டுப் பக்கம் போனால் விழுந்து நொறுங்கும், லைடாருக்கு அந்தப் பள்ளம் வெறும் காலியிடம். நேவ்2-ல் தடைசெய்த பகுதி வரைந்துவிடலாம்: மேப் படத்தின் நகலில் படிக்கட்டுப் பகுதியைக் கறுப்படித்து வடிகட்டியாகக் கொடுப்பது. ஆனால் ஏஎம்சிஎல் இடம் தவறினால் அந்தக் கோடும் கூடவே தவறும். படி முனையில் ஒரு பலகையைக் குறுக்கே வைப்பதுதான் நம்பத் தகுந்தது.

நெட்வொர்க்தான் பெரும்பாலான லேபுகளில் முதல் வாரத்தைத் தின்கிறது. இந்த ரோபோ நிரல்கள் எல்லாம் ஓடும் ஆர்ஓஎஸ் 2 தளத்தில் வண்டியும் லேப்டாப்பும் ஒன்றையொன்று மல்டிகாஸ்ட் மூலம், அதாவது பல கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பி, தேடிக்கொள்கின்றன. கல்லூரி வைஃபையில் பாதுகாப்புக்காக அதை அடைத்திருப்பார்கள், ஒரு கருவி இன்னொன்றோடு நேரே பேசுவதையும் தடுத்திருப்பார்கள். மல்டிகாஸ்ட் மட்டும் அடைபட்டிருந்தால் பிங் போகும், டாபிக் என்ற தரவு ஓடை வராது. இரண்டும் அடைபட்டிருந்தால் பிங்கும் போகாது. நிர்வாகத்தோடு மல்லுக்கட்டாமல் லேபுக்கென்று தனி ரவுட்டர் வாங்கிவிடுங்கள். அதை யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும், கட்டளை அனுப்பும் வழி மட்டும் அறுந்துவிடும். வைஃபை அறுந்தால் கடைசி வேகக் கட்டளையில் வண்டி தொடர்கிறதா, நிற்கிறதா என்று முதல் நாளே சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்துச் சோதியுங்கள்.

தனி ரவுட்டர் போட்டதும் வருவது கடிகாரத் தொல்லை. ராஸ்பெர்ரி பை 4-ல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. இணையம் இல்லாத நெட்வொர்க்கில் இயங்கத் தொடங்கினால் பழைய நேரத்திலேயே இருக்கும். லேப்டாப் அந்த லைடார் தரவைக் காலாவதியானது என்று எறிந்துவிடும். திரையில் வண்டி தெரியும், ஸ்கேன் தெரியாது, பிழைச் செய்தியில் நேர முத்திரை பற்றி ஏதோ வரும். லேப்டாப்பையே நேர சர்வராக்கி, நேரத்தை ஒத்துவைக்கும் க்ரோனி நிரலை நிறுவினால் முடிந்தது. இரண்டு வண்டி வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் வேறு டொமைன் ஐடி (ஆர்ஓஎஸ் 2-ல் எந்தக் கருவி எதோடு பேசும் என்று பிரிக்கும் எண்) கொடுங்கள். கையேட்டில் உள்ளபடி இரண்டுக்கும் 30 என்றே விட்டால், ஒரு குழு விசையைத் தட்டும்போது இன்னொரு குழுவின் வண்டியும் சேர்ந்து ஓடும்.

பேட்டரி 11.1 வோல்ட், 1800 எம்ஏஎச் லித்தியம் பாலிமர். கம்பெனி சொல்வது இரண்டரை மணி நேர ஓட்டம், இரண்டரை மணி நேர சார்ஜ். 11 வோல்ட்டுக்குக் கீழே போனால் பஸ்ஸர் அலறும், மோட்டார் நின்றுவிடும். அலறலை அலட்சியம் செய்தால் பேட்டரி உப்பும். விடுமுறைக்குப் பூட்டும்போது முழு சார்ஜில் வைக்காமல் 11.4 வோல்ட் அளவில் வையுங்கள். மே மாதத்தில் மின்விசிறியும் ஓடாத மூடிய லேபின் பீரோவுக்குள் வைப்பது நல்லதல்ல. 40 டிகிரி வெயில் நாளில் ராஸ்பெர்ரி பையும் சூடேறும். சிப் 80 டிகிரியைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஸ்கேன் தாமதமாகும். ஒரு ஹீட்சிங்க் ஒட்டிவிடுங்கள். நேவ்2-ஐ லேப்டாப்பில் ஓட்டுவதே மேல்.

மாற்று என்ன? டர்ட்டில்பாட்4-ல் பள்ளச் சென்சார், பம்பர், கேமரா எல்லாம் உண்டு. உருவமும் விலையும் அதற்கேற்றபடி பெரிது. சொந்தமாகக் கட்ட விரும்பினால் 12 மீட்டர் வரை எட்டும் ஆர்பிலைடார் ஏ1, ஒரு ராஸ்பெர்ரி பை, என்கோடர் உள்ள இரண்டு கியர் மோட்டார் போதும். திருகு, ஒயர், கனெக்டர் வகையறா டவுன்ஹால் ரோட்டிலேயே கிடைக்கும். ஆனால் மோட்டார் கட்டுப்பாட்டையும் சக்கரக் கணக்கையும் நேராக்குவதிலேயே ஒரு பருவம் கழிந்துவிடும். இயந்திரத்தைக் கற்பிக்க அது நல்லது. பாதை தேடலைக் கற்பிக்க பர்கர் நல்லது. எதையும் வாங்குமுன் காஸிபோ சிமுலேஷனில் இதே வண்டியை இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். அங்கே டயர் வழுக்காது, கண்ணாடி ஏமாற்றாது என்பதை மட்டும் மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

ஆர்டர் போடும்போது கொட்டேஷனில் இவை தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்: எல்டிஎஸ்-02 லைடார், 4 ஜிபி ராம் உள்ள ராஸ்பெர்ரி பை 4, கூடுதல் பேட்டரி ஒன்று, கூடுதல் டயர் ஒரு ஜோடி, நல்ல தரமான 32 ஜிபி மெமரி கார்டு இரண்டு. இரண்டாவது கார்டில் ஓடும் நிலையில் உள்ள சிஸ்டத்தை அப்படியே நகலெடுத்து மூடி வைக்க வேண்டும். திடீர் மின்நிறுத்தத்தில் கார்டு கெடுவது சாதாரணம். உபுண்டு 22.04-ல் ஆர்ஓஎஸ் 2-ன் ஹம்பிள் பதிப்பு போட்டால் 2027 மே வரை ஆதரவு, 24.04-ல் ஜாஸி போட்டால் 2029 மே வரை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஜாஸியையே போடுங்கள். டாலர் விலைக்கு மேல் சுங்க வரி, ஜிஎஸ்டி, போக்குவரத்து மூன்றும் ஏறும், மொத்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். லித்தியம் பேட்டரி விமானத்தில் ஆபத்தான சரக்கு என்பதால் வண்டி முதலிலும் பேட்டரி தனியாகப் பின்னாலும் வரக்கூடும். பருவம் திறக்கும் தேதிக்கு மிக முன்னதாகவே ஆர்டர் போட்டுவிடுங்கள்.